கடலோரச் சமவெளியின் அடுக்குகளைப் படிக்க மலையிலிருந்து எங்கே இறங்குவது?

கோத்தகிரியில் மேல்நிலை வகுப்புகளுக்குப் புவியியல் கற்பித்து வருகிறேன். ஒவ்வோர் ஆண்டும் பொங்கல் விடுமுறையை ஒட்டிப் பதினோராம் வகுப்பு மாணவர்களை மூன்று நாள் களப்பயணத்துக்கு அழைத்துச் செல்வது எங்கள் வழக்கம். காவிரிக் கடலோரச் சமவெளியின் அடியில் கிடக்கும் படிவுப் பாறை அடுக்குகளையே இம்முறை பாடமாக எடுத்துக்கொள்வதென்று முடிவு செய்தோம். பாடம் முடிவானதும்தான் சிக்கல் தொடங்கியது. சமவெளியின் மேலே நின்றால் தெரிவது நெல்வயலும் வாய்க்காலும் தென்னந்தோப்பும் மட்டுமே; அடுக்குகளோ அவற்றின் அடியில், கண்ணுக்கு எட்டாத ஆழத்தில் கிடக்கின்றன. அவற்றைக் காட்ட எங்கே போவது என்பதற்கு எங்கள் முன் நான்கு வழிகள் இருந்தன. பதினெட்டு மாணவர்கள், ஒரு வேன், மூன்று நாள், பெற்றோர் தரக்கூடிய சிறு தொகை ஆகிய எல்லைகளுக்குள் அந்த நான்கையும் எடைபோட்டுப் பார்த்ததை, இதே கேள்வி எழக்கூடிய பிற ஆசிரியர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

மலைப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் ஏன் கடினம் என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். நீலகிரி முழுவதும் பெரும்பாலும் ஒரே வகைப் பாறையால், அதாவது சார்னோக்கைட்டால் ஆனது. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலத்தின் மிக ஆழத்தில், பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவான பாறை அது. அதில் படிவு அடுக்கு என்பதே கிடையாது. மேட்டுப்பாளையம் சாலையில் மலையை வெட்டிய இடங்களில் உருண்டைப் பாறைகள் வெங்காயத் தோல்போல உரிந்து நிற்பதை மாணவர்களிடம் காட்டி, இது என்னவென்று கேட்டால், அடுக்குப் பாறை என்றே பலரும் சொல்கிறார்கள். அது ஒரே பாறை வெளியிலிருந்து உள்நோக்கிச் சிதைவதால் வரும் தோல். அதில் மேல்தோல் பிந்தியது, கீழ்த்தோல் முந்தியது என்ற கால வரிசை இல்லை. படிவுப் பாறையின் உயிரே அந்தக் கால வரிசைதான். பாடநூலில் கோடு போட்ட படத்தைப் பார்த்துத் தேர்வில் சரியாக எழுதிவிடும் மாணவர், உண்மையான அடுக்கு ஒன்றின்மீது விரல் வைத்து மேலே நகர்த்தி, இந்த இடத்தில் கடல் பின்வாங்கியிருக்கிறது என்று சொல்லும் வாய்ப்பை மலையில் ஒருநாளும் பெறமாட்டார்.

ஆனாலும் இந்த மலைக்கும் அந்தச் சமவெளிக்கும் தொடர்பு உண்டு. மோயாறு பவானியில் கலந்து, பவானி கூடுதுறையில் காவிரியில் சேர்கிறது. எங்கள் சரிவுகளில் மழை அறுத்த மண்ணும் மணலும் காலங்காலமாக அந்த வழியில்தான் கீழே போயின. பவானிசாகரில் அணை எழும்பிய பிறகே அந்த ஓட்டம் பெருமளவு தடைப்பட்டது.

சமவெளியின் அடியில் என்ன இருக்கிறது என்பதையும் சுருக்கமாகச் சொல்கிறேன். கோண்டுவானா என்ற பெருங்கண்டம் உடைந்து இந்தியத் துணைக்கண்டம் அண்டார்க்டிகா முதலிய பகுதிகளிலிருந்து விலகியபோது, இன்றைய தமிழகக் கடலோரத்தின் அடிப்பாறை நீள நீளமாகப் பிளந்து, சில பாளங்கள் தாழ்ந்தும் சில பாளங்கள் உயர்ந்தும் நின்றன. அரியலூர்–புதுச்சேரிப் பள்ளம், தரங்கம்பாடிப் பள்ளம், நாகப்பட்டினப் பள்ளம் என்று தாழ்ந்தவற்றுக்கும், கும்பகோணம் முகடு, காரைக்கால் முகடு என்று உயர்ந்தவற்றுக்கும் நிலவியலாளர் பெயரிட்டிருக்கிறார்கள். நிலப்பகுதியில் மட்டும் சுமார் 25,000 சதுர கிலோமீட்டர் பரந்த இந்தக் காவிரிப் படுகையின் ஆழமான பள்ளங்களில் படிவுகளின் தடிப்பு 5 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. 2,637 மீட்டர் உயரமான தொட்டபெட்டாவைக் கடல்மட்ட அளவிலிருந்து அப்படியே பெயர்த்து அத்தகைய பள்ளம் ஒன்றின் அடியில் வைத்தால், அதன் உச்சிக்கு மேலே இன்னும் இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான படிவு மூடியிருக்கும் என்று வகுப்பில் சொன்னபோதுதான், ஆழம் என்ற சொல் மாணவர்களுக்குப் பொருளுள்ளதாயிற்று.

முதல் வழி, மலையை விட்டு இறங்காமலே இருப்பது. உதகையிலிருந்து பைக்காரா செல்லும் பக்கத்தில் உள்ள சாண்டிநல்லாவின் சதுப்புப் பள்ளத்தில், இறந்த புல்லும் செடியும் முழுதாக மட்காமல் கரிய மண்ணாக ஆண்டுக்கு ஆண்டு படிந்திருக்கின்றன. 1993இல் ஆர். சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் இந்தக் கரி மண்ணில் உள்ள கார்பனின் ஓரிடத்தான்களை, அதாவது எடையில் மட்டும் வேறுபடும் கார்பன் அணு வகைகளை, அளந்து, கடந்த 20,000 ஆண்டுகளில் இங்கே வறட்சி எப்போது நிலவியது, பருவமழை எப்போது வலுத்தது என்பதைக் காட்டினார்கள். வறட்சியைத் தாங்கும் வகைப் புற்களும் ஈரத்தை விரும்பும் தாவரங்களும் காற்றிலிருந்து கார்பனை எடுக்கும் விதம் வேறு வேறு என்பதே அந்த ஆய்வின் அடிப்படை. நீலகிரி மாணவர்களுக்கு இதைவிட நெருக்கமான சான்று இல்லை. செலவு மிகக் குறைவு, இரவில் தங்க வேண்டியதில்லை, கையால் திருகி இறக்கும் துரப்பணம் ஒன்று போதும். இருந்தும் இது நாங்கள் எடுத்த பாடத்துக்கு விடையாகாது. இது இன்னும் பாறையாகாத படிவு. சில மீட்டர் ஆழமே உடையது. கடல் இதைத் தொட்டதே இல்லை. இது சமவெளியின் மேற்பரப்பில் உள்ள இளைய வண்டலுக்கு மட்டுமே காலத்தால் ஒப்பானது. கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைக்கிருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே கிடந்த காலத்தில்தான், சாண்டிநல்லாவில் அந்த வறண்ட காலத்துப் புல் மண்ணாகிக்கொண்டிருந்தது. வனத்துறையின் அனுமதியும் வேண்டும், சதுப்பில் பதினெட்டுப் பேர் இறங்கி மிதித்தால் அழிவும் நேரும். எனவே இதைப் பயணத்துக்கு முந்தைய ஒருநாள் பயிற்சியாக, சாலையோர வெட்டு முகம் ஒன்றில் நின்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று தோன்றியது.

இரண்டாவது வழி நெய்வேலி. 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணற்றுக்காகத் துளையிட்டபோது கரிய பொருள் வெளிவந்த செய்தி தமிழகம் அறிந்தது; 1956இல் அங்கே நிலக்கரிக் கழகம் தொடங்கப்பட்டது. பூமியைப் படிப்படியாக வெட்டிய அந்தத் திறந்தவெளிச் சுரங்கத்தில், கடலூர் மணற்கல்லின் செம்மையும் வெண்மையும் கலந்த மணல், களி அடுக்குகளுக்குக் கீழே பழுப்பு நிலக்கரி கரும்பட்டையாக நெடுந்தூரம் ஓடுவதைப் பார்க்கும்போது, அடுக்கு என்பது ஒரு தட்டு, அது பக்கவாட்டில் தொடர்ந்து செல்வது என்ற கருத்து ஒரே பார்வையில் பதிந்துவிடும். நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நீர் அடைபட்டிருப்பதும், அதை ஓயாமல் இறைக்காவிட்டால் சுரங்கத் தரை மேல்நோக்கிப் பெயர்ந்துவிடும் என்பதும் நிலத்தடி நீரைப் பற்றிய மிகச் சிறந்த பாடம். குறை என்னவென்றால், மாணவர்கள் அடுக்கைத் தொட முடியாது. பார்வை மேடையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பவே பெரும்பாலும் இயலும். அங்கே தெரிவதும் சமவெளியின் வரலாற்றில் பிற்பகுதி மட்டுமே. கடல்வாழ் உயிர்களின் எச்சம் நிறைந்த பழைய அடுக்குகள் அதற்கும் கீழே மறைந்திருக்கின்றன. ஒரே நாள் மட்டும் வாய்க்குமானால் நான் நெய்வேலியைத்தான் தேர்ந்தெடுப்பேன். மூன்று நாளுக்கு அது போதாது.

மூன்றாவது வழியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் என் மனம் முதலில் சாய்ந்தது அதன் பக்கம்தான். சமவெளியின் அடியில் உள்ளதை அறியச் சமவெளியிலேயே துளையிட்டுப் பார்ப்பதுதானே நேர்வழி? திருத்துறைப்பூண்டி அருகே என் மாமனார் ஊரில் சில ஆண்டுகளுக்கு முன் ரோட்டரி போர் போட்டார்கள். சேற்றுக் கலவையைக் குழாய் வழியே கீழே செலுத்தி, அது சுமந்து வரும் மண்ணைப் பத்தடிக்கு ஒரு குவியலாகத் தரையில் வரிசையாகக் கொட்டி வைத்தார்கள். அந்தக் குவியல்கள் ஒவ்வொன்றிலும் ஒரு பிடி எடுத்துப் பொட்டலம் கட்டி, அடிக்கணக்கை எழுதி, 320 அடிக்கு 32 பொட்டலங்களை வைத்திருக்கிறேன். களி, நுண்மணல், சிப்பித் துண்டுகள் கலந்த சாம்பல் களி, மறுபடி மணல், அதன்கீழ்க் கூழாங்கல் கலந்த பெருமணல் என்று அந்த வரிசை ஓர் ஆற்றின் போக்கையும் கடலின் வரவையும் சொல்கிறது. போர்க்காரர் மண்ணை விரலிடையே தேய்த்து, நாக்கில் வைத்துப் பார்த்து, இன்னும் இருபதடி போனால் நல்ல தண்ணீர் என்று சொன்ன திறமையை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆயினும் இந்த வழியில் இரண்டு பெரிய தடைகள் உள்ளன. சேற்றோடு மேலே வரும் மண் துளையில் ஏறிவர நேரம் பிடிக்கிறது. வரும் வழியில் மேலடுக்கின் மண்ணும் சரிந்து கலக்கிறது. எனவே இருநூறு அடி என்று எழுதிய பொட்டலத்தில் நூற்று எண்பதாவது அடியின் மணலும் இருக்கும். அடுக்கின் எல்லை துல்லியமாகத் தெரிவதில்லை, சாய்வு தெரிவதே இல்லை. பாறையை உருளை வடிவில் குலையாமல் வெட்டி எடுக்கும் கோர் முறையில் இந்தக் குறை இல்லை. ஆனால் அதன் செலவு ஒரு பள்ளி எண்ணிப் பார்க்கக் கூடியதன்று. அதைவிடப் பெரிய தடை ஆழம். 320 அடி என்பது ஏறத்தாழ 98 மீட்டர். கிலோமீட்டர் கணக்கில் தடித்த படிவின் மேல்தோலை மட்டுமே அந்தத் துளை கீறியிருக்கிறது. எண்ணெய் தேடி நரிமணம், புவனகிரி, குத்தாலம் முதலிய இடங்களில் போடப்பட்ட ஆழ்கிணறுகளே கீழே உள்ள பழைய அடுக்குகளை எட்டின. ஆண்டிமடம், சாத்தப்பாடி, புவனகிரி, நன்னிலம், கமலாபுரம் என்று நம் ஊர்ப் பெயர்கள் அந்த அடுக்குகளுக்குச் சூட்டப்பட்டிருக்கின்றன என்பதைக் கேட்டு மாணவர்கள் வியந்தார்கள். அங்கே கிடைத்த பாறைகளோ பாதுகாக்கப்பட்ட கிடங்குகளில் இருக்கின்றன. பள்ளி மாணவருக்கு எட்டுவது, காமா கதிர் அளவைக் காட்டும் நெளிகோடு அச்சிட்ட தாள் மட்டுமே.

துளையிடாமல் தரையில் நான்கு கம்பிகளை அடித்து மின்சாரத்தைச் செலுத்தி, நிலத்தின் மின்தடையை அளக்கும் முறையும் இதே வகையைச் சேர்ந்தது. கிணறு தோண்ட இடம் பார்ப்பவர்கள் நீலகிரியிலும் இதைப் பயன்படுத்துகிறார்கள். சிதைந்த ஈரமண்ணுக்கும் அடியிலுள்ள கட்டிப் பாறைக்கும் மின்தடை வெகுவாக வேறுபடுவதால் இங்கே அது தெளிவாகப் பேசுகிறது. கடலோரத்தில் அது நம்மை ஏமாற்றும். களிமண் பெரும்பாலும் 10 ஓம்-மீட்டருக்குக் குறைவான மின்தடையையே காட்டும். உவர்நீர் நிறைந்த மணலும் அதே அளவையோ அதைவிடக் குறைவையோ காட்டும். கருவியின் எண்ணை மட்டும் பார்ப்பவர், தனக்குக் கீழே இருப்பது களியா, உப்பேறிய மணலா என்று சொல்ல முடியாது. அருகில் ஒரு கிணற்றின் மண் வரிசை தெரிந்திருந்தால்தான் அந்த எண்ணுக்கு உயிர் வரும். இந்த முறையை நான் குறைத்து மதிக்கவில்லை. பாறையை ஒருமுறையேனும் கையில் ஏந்திப் பார்த்தவருக்கு அது கண். பார்க்காதவருக்கு வெறும் எண்.

நான்காவது வழி அரியலூர், பெரம்பலூர் பகுதி. 1850களின் இறுதியில் நீலகிரியின் நிலவியல் அமைப்பைப் பற்றி எழுதிய எச். எஃப். பிளான்ஃபோர்டு என்ற நிலவியலாளரே, 1862இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் கிரீத்தேசியக் காலப் பாறைகளை, அதாவது டைனோசர் யுகத்தின் கடைசிக் காலத்துப் பாறைகளை, பற்றி எழுதி, அவற்றை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். அந்தப் பிரிப்பின் அடித்தளம் இன்றும் நிற்கிறது. எங்கள் மலையை ஆராய்ந்தவரே அந்தப் பாறைகளையும் வகுத்தார் என்பது மாணவர்களுக்கு நான் சொல்லும் முதல் செய்தியாக இருக்கும்.

இந்த இடத்தின் சிறப்பு இதுதான். மேற்கே பழைய அடிப்பாறையின் ஓரத்தில் படிந்த அடுக்குகள், கிழக்கு நோக்கிச் சில பாகை மட்டும் சாய்ந்து, கடலோரச் சமவெளியின் வண்டலுக்கு அடியில் புகுந்து மறைகின்றன. சமவெளியின் அடியில் கிடக்கும் பெருந்தட்டின் விளிம்பு இங்கே தலைநீட்டி வெயிலில் நிற்கிறது என்று சொல்லலாம். மேற்கிலிருந்து கிழக்கே நடந்தால் பழையதிலிருந்து புதியதை நோக்கி நடக்கிறோம். காரையில், மரமே இல்லாத களிமண் ஓடைகள் கிளை கிளையாக அறுந்து கிடக்கும் வெளியில், ஜிப்சம் தகடுகள் கண்ணாடிச் சில்லுபோல மின்னுகின்றன. கணவாய்க்கு உறவான, அழிந்துபோன கடலுயிர்களின் எச்சங்களை, துப்பாக்கிக் குண்டின் வடிவிலுள்ள பெலம்நைட்டுகளையும் சுருண்ட அம்மோனைட்டுகளையும், கால்பட்ட இடத்தில் காணலாம். ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுக்கு முந்தைய கடலின் அடித்தரை அது. அங்கிருந்து கொளக்காநத்தம், கருடமங்கலம் பக்கம் வந்தால் களி குறைந்து, சிப்பிகள் நெருங்கிய சுண்ணாம்புக்கல்லும் மணற்கல்லும் தோன்றுகின்றன. சாத்தனூரில் எம். எஸ். கிருஷ்ணன் 1940இல் கண்டறிந்த, 18 மீட்டர் நீளமுள்ள கல்லான மரம் கடற்படிவின் நடுவே கிடக்கிறது. கரையிலிருந்து ஆறு அடித்துவந்த மரம் கடலில் அமிழ்ந்து கல்லானது என்பதை அங்கே நின்றபடியே மாணவர்கள் ஊகித்துவிட முடியும். அரியலூரை ஒட்டிய கல்லங்குறிச்சியில் தடித்த சிப்பிகள் அடுக்கடுக்காகப் படிந்த சுண்ணாம்புக்கல் சிமெண்டுக்காக வெட்டப்படுகிறது. அதற்கும் மேலே, கல்லமேட்டில், கடல் விலகிய பின் ஆறுகள் பரப்பிய மணலிலும் களியிலும் டைனோசர் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. அடுத்து நினியூர்ப் படிவுகளில் மறுபடியும் கடல். ஆனால் அம்மோனைட் ஒன்றுகூட இல்லை. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களும் அம்மோனைட்டுகளும் மறைந்த அந்தப் பேரழிவுக்கு முன்னும் பின்னும் என்று இரண்டு உலகங்களை, ஒரே மாவட்டத்தில், வேனில் சென்று பார்த்துவிடலாம்.

உருண்டையான கல்லையெல்லாம் டைனோசர் முட்டை என்று செய்தி பரப்பும் பழக்கம் இந்தப் பகுதியைச் சுற்றி வளர்ந்திருப்பதால், படிவுக்குள் தாதுக்கள் ஒரு கருவைச் சுற்றித் திரண்டு உருண்டையாவது எப்படி என்பதை முன்கூட்டியே சொல்லிக்கொடுத்து அழைத்துச் செல்வது நல்லது. எச்சங்களைப் பொறுக்கிப் பையில் போடக் கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருப்பேன். எந்த அடுக்கில் கிடந்தது என்ற செய்தியை இழந்த புதைபடிவம் பாதிப் பொருளை இழந்துவிடுகிறது. படம் எடுக்கலாம், அளவு எழுதலாம், வைத்த இடத்திலேயே வைத்துவிடலாம். முழுமையாகத் துலக்கியவற்றை வாரணவாசி அருங்காட்சியகத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த வழிக்கும் குறை உண்டு. அதை மறைத்துவிட்டு அரியலூரை உயர்த்திப் பேச எனக்கு மனமில்லை. விளிம்பில் நிற்பவர் நடுவைப் பார்க்கவில்லை. கரையோரத்தில் படிந்தவை பெரும்பாலும் ஆழம் குறைந்த கடலின் படிவுகள். கடல் பின்வாங்கிய போதெல்லாம் இங்கே படிவு நின்றுபோய், இருந்ததும் அரிக்கப்பட்டு, கால வரிசையில் இடைவெளிகள் விழுந்திருக்கின்றன. அதே காலத்தில் தரங்கம்பாடிப் பள்ளத்திலோ நாகப்பட்டினப் பள்ளத்திலோ படிவு தொடர்ந்து நடந்திருக்கக்கூடும். இங்கே மணற்கல்லாக நிற்பது அங்கே ஆழ்கடலின் களிப்பாறையாக மாறியிருக்கவும் கூடும். விளிம்பையும் நடுவையும் ஒன்றென நினைத்துவிடுவதே மாணவர் செய்யும் பெரிய பிழையாக இருக்கும். ஒரு பாகை சாய்ந்த அடுக்கு அறுபது கிலோமீட்டரில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஆழத்துக்கு இறங்கிவிடும் என்பதைக் கணக்காகப் போடச் சொல்லலாம். ஆனால் இடையில் பிளவுகளும் முகடுகளும் இருப்பதால் அந்தக் கணக்கு நேர்கோட்டில் செல்லாது என்பதையும் உடனே சொல்ல வேண்டும்.

வெயிலும் ஒரு காரணி. உறைபனி விழும் ஜனவரியில் புறப்படும் எங்கள் பிள்ளைகள் காரையின் நிழலற்ற வெளியில் நண்பகலில் தளர்ந்துவிடுவார்கள். ஏப்ரல், மே மாதங்களை நினைக்கவே வேண்டாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அந்தக் களிமண் காலை விடாது. பொங்கலுக்குப் பின்வரும் வாரங்களே சரியானவை, அதுவும் காலை பத்தரைக்குள் களவேலை முடிய வேண்டும். சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் எழுத்து வழி அனுமதியும் தலைக்கவசமும் இல்லாமல் இறங்கக் கூடாது. கைவிடப்பட்ட குழிகளில் நீர் ஆழமாகத் தேங்கியிருப்பதால் அவற்றின் ஓரத்துக்கே போகக் கூடாது.

இவற்றையெல்லாம் நோக்கியபின் அரியலூரையே தேர்ந்தெடுத்தோம். தொடக்கத்தில் நான் ஆழ்துளையின் பக்கம் சாய்ந்திருந்ததை மாற்றியது பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருவரின் கேள்வி. சென்ற ஆண்டு என் பொட்டலங்களை மேசையில் வரிசையாக வைத்துக் காட்டியபோது, “சார், இதுல எது கல்லு, எது மண்ணுன்னே தெரியலையே, இது கீழே எப்படி இருந்திருக்கும்?” என்று அவர் கேட்டார். பாறை பொடியான பிறகு பார்ப்பவருக்கு அது படிந்திருந்த நிலை மனத்தில் எழ வழியே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெளியே நிற்கும் அடுக்கை முதலில் பார்த்துத் தொட்டுச் சாய்வை அளந்தவர்களே, துளையிலிருந்து வந்த தூளைப் பார்த்து அடுக்கை மீண்டும் கட்டி எழுப்ப முடியும். வரிசையைத் திருப்பினால் இரண்டும் பயனற்றுப்போகும். அதனால் ஆழ்துளையைக் கைவிடவில்லை, இரண்டாவது இடத்தில் வைத்திருக்கிறோம்.

முதல் நாள் காலை காரையும் மாலை சாத்தனூரும். இரண்டாம் நாள் கல்லங்குறிச்சியும் வாரணவாசியும், நேரம் இருந்தால் நினியூர்ப் பக்கம். மூன்றாம் நாள் தஞ்சைக்குத் தென்மேற்கே வல்லத்து மேட்டில், கடலூர் மணற்கல்லின் செம்மண் முகம் வெளித்தெரியும் இடத்தில் வேனை நிறுத்துவோம். அங்கிருந்து கிழக்கே பார்த்தால் காவிரிச் சமவெளி தொடங்குகிறது. திருத்துறைப்பூண்டியின் 32 பொட்டலங்களையும் ஒரு சாக்கின்மேல் வரிசையாகப் பிரித்து வைத்து, வல்லத்து மணற்கல்லின் ஒரு துண்டை ஒவ்வொரு குழுவின் கையிலும் கொடுத்து, இந்த மணலின் உறவு எந்தப் பொட்டலத்தில் தொடங்குகிறது, அல்லது 320 அடி அதை எட்டவே இல்லையா என்று கேட்கப் போகிறேன். பருமன், நிறம், மணியின் உருண்டை, சிப்பியின் இருப்பு ஆகிய நான்கையும் எழுதுவதற்கான தாள்களை அந்த மாணவிதான் கோடு போட்டுத் தயாரித்துக்கொண்டிருக்கிறார்.